பாம்பன் கரையில் இடுப்பளவு நீரில் நின்ற பெண்கள்: அது எந்த ஊர்?

வைகைக்கரையான்

சென்ற மாதம் மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்குப் பஸ்ஸில் போனேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைக் கண்டதும் வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். வண்டி தீவில் இறங்கும் இடத்தில், தெற்கே கரையோரம், ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார்கள். ஒருவர் முங்கினார், நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். வண்டி திரும்பும் வரையில் அவர் மேலே வரவில்லை. பயந்துபோய் நடத்துநரிடம் சொன்னேன். "பாசி எடுக்கிறார்கள் சார், சின்னப்பாலத்துப் பொம்பளைகள், தினம் பார்ப்பதுதான்" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினால் கோயில், 22 தீர்த்தம், கலாம் வீடு, தனுஷ்கோடி, திரும்பவும் கோயில். சின்னப்பாலம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த முறை இறங்கிப் பார்க்க ஆசை.

உப்புக்காற்று

அது குருசடைத் தீவாக இருக்கும். அங்கே மீனவர்கள் குடியிருக்கிறார்கள் என்று கேள்வி. படகில்தான் போக வேண்டும்.

தோணித்துறை

உப்புக்காற்று அண்ணன், குருசடையில் குடியிருப்பு ஏது? மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. வனத்துறைக் காவலர் தவிர அங்கே யாரும் இரவு தங்குவதில்லை. இப்போது குந்துக்காலிலிருந்து சுற்றுலாப் படகு விடுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சின்னப்பாலம் ராமேசுவரம் தீவிலேயே, பாம்பனைச் சேர்ந்தது. பாம்பன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பாலமும் ஒரு பஸ் நிறுத்தமும்தான். உள்ளே வந்தால் தோப்புக்காடு, முந்தல்முனை, தெற்குவாடி, சின்னப்பாலம் என்று ஊருக்குள் ஊர். கடைத்தெருவிலிருந்து குந்துக்கால் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் சின்னப்பாலம் வந்துவிடும். நான் மண்டபத்துக்காரன். எனக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த ஊர்க்காரர் யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.

பாசிக்காரி மகள்

வந்துவிட்டேன். என் ஊர்தான். இப்போது திருப்பூரில் இருக்கிறேன்.

வைகைக்கரையான் தம்பி, நீங்கள் எண்ணியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நானும் சிறு வயதில் கரையில் உட்கார்ந்து எண்ணுவேன். அம்மா முங்கிய இடத்திலேயே எழமாட்டார். நாலு பாகம் (கையிரண்டையும் விரித்த அளவு ஒரு பாகம்) தள்ளி எழுவார். அதுவரை என் மூச்சும் நின்றிருக்கும்.

ஊரைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. சில தெருக்கள், மணல், பனை, தென்னை, கொஞ்சம் உடைமரம். கான்கிரீட் வீடும் இருக்கிறது, ஓலை வீடும் இருக்கிறது; ஓலை வீட்டைச் சுற்றிப் பழைய வலையால் வேலி. சாலையோரத்தில் கறுப்பும் செம்மண் நிறமுமாக எதையாவது பரப்பி வைத்திருந்தால் அது காய்கிற பாசி. அதன் வாடை புதியவர்களுக்குக் குமட்டும். எனக்கு இப்போதும் அயோடின் மருந்தை மோந்தால் வீட்டு ஞாபகம்தான் வருகிறது.

ஆண்கள் மீனுக்குப் போகிறார்கள். பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். "வேலைக்குப் போகிறேன்" என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லி நான் கேட்டதில்லை. "பாசிக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வார்கள். எல்லா நாளும் போக முடியாது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள். எங்கள் வீட்டு நாள்காட்டியில் தேதியைப் பார்த்தவர்கள் குறைவு. கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும்தான் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அம்மா வீட்டில் இருப்பாரா என்றால் அதை நிலா முடிவு செய்யும். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று தேதி போட்டால் முதலில் அமாவாசை எப்போது என்று பார்க்க வேண்டும். ஆசிரியைக்கு இதை விளங்க வைக்க என்னால் முடிந்ததில்லை.

புறப்படுகிற அன்று நைலான் சேலையை இறுக்கிக் கட்டி, மேலே அப்பாவின் பழைய சட்டை. இடுப்பில் கயிறு, கயிற்றில் வலைப்பை. கண்ணுக்கு முங்கு கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பு. பார் என்று நாங்கள் சொல்கிற பாறை கத்தி போல் இருக்கும். விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்கள். துணி சுற்றினால் பிடி சரியாகக் கிடைக்காது, சுற்றாவிட்டால் விரல் கிடைக்காது. பக்கத்துக் கடல் என்றால் நடந்தே இறங்குவார்கள், தூரம் என்றால் வத்தை என்கிற சிறு படகில் நான்கைந்து பேராகப் போவார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி, வாய்த்தால் இரண்டு. சொறி (ஜெல்லிமீன்) பட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். பொந்துக்குள் கையை விட்டால் அஞ்சாலை என்கிற விலாங்கு மீன் இருக்கும். அது கவ்வினால் விடாது. அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் நகம் ஒழுங்காக முளைத்து நான் பார்த்ததில்லை.

கரைக்கு வந்ததும் சாப்பாடு கேட்கமாட்டார். ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்பார், உடம்பு உப்பைக் கழுவ. அந்த ஒரு குடத்துக்கு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

உப்புக்காற்று

குருசடை என்று உளறியதற்கு மன்னிக்கவும். இந்தப் பாசியை என்ன செய்கிறார்கள்? ஊரில் சமைப்பார்களா?

ஓய்வு பெற்றவன்

மண்டபத்தில் கடல் ஆய்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாசி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இந்தக் கரையில் பெண்கள் நான்கைத்தான் முக்கியமாக எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முதல் இரண்டிலிருந்து அகர் கிடைக்கிறது. பின் இரண்டிலிருந்து அல்ஜினேட்.

அகர் என்பது உறையும் பசை. பழக்கூழ், ஜெல்லி, மருந்து மாத்திரை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அதன் பெருமை வேறு இடத்தில். மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் சளியிலோ சிறுநீரிலோ என்ன கிருமி என்று பார்க்க ஒரு வட்டக் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். அந்தத் தட்டில் உறைந்திருப்பது அகர். அல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சிடும் பசையில் சேர்கிறது. பாசிக்காரி மகளே, நீங்கள் இருக்கும் திருப்பூரில் அச்சுத் துணியைத் தொட்டிருந்தால் உங்கள் ஊர்க் கட்டக்கோரையைத் தொட்டிருக்கவும் கூடும்.

முன்பு அகர் ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றதும் இங்கே கஞ்சிப் பாசியிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். 1960-களின் நடுவில் வணிகத்துக்காகப் பெரிய அளவில் பறிப்பது பரவியது. காய்ந்த பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. வைகைக்கரையான், உங்கள் ஊருக்குத்தான்.

இன்னொன்று. 1927-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. அதில் கடற்பாசிகளைப் பற்றி எழுதியவர் எம். ஓ. பி. ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஆக, சின்னப்பாலத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டாகத் தெரிந்த இடம். நானும் அந்தக் கரையில் பலமுறை மாதிரி எடுத்திருக்கிறேன். எது எங்கே வளரும் என்று எங்களுக்கு வழி காட்டியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். எங்கள் அறிக்கைகளில் அவர்கள் பெயர் வந்ததில்லை. அதை நானும் எழுதவில்லை.

பாசிக்காரி மகள்

ஐயா, கஞ்சிப் பாசியைச் சமைப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அந்தப் பெயரே காய்ச்சிக் குடித்ததால் வந்ததுதான். வெயிலில் போட்டு, தண்ணீர் தெளித்து, திரும்பவும் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். அதைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் ஆறியதும் உறையும். சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பாட்டி கொடுப்பார். நோன்புக் காலத்தில் பாம்பனில் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி செய்து அனுப்புவார்கள். அது கடையில் வாங்கும் வெள்ளை அகர் நூலில் செய்தது. எங்கள் பாட்டி அதைத் தின்றுவிட்டு, "நம் கடல் சுற்றிவிட்டு வந்திருக்கிறது" என்பார்.

பசுமைவிழி

எல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1986-இல் அது தேசியப் பூங்கா. 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். 10,500 சதுர கிலோமீட்டர். பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள இடம். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பாறையில் ஏறி நின்று பாசியைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? மீன் குஞ்சுகள் ஒதுங்குவது பாசியில்தானே? வறுமையைக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டே போனால் கடைசியில் அவர்களுக்கே எதுவும் இருக்காது.

பாசிக்காரி மகள்

பசுமைவிழி அவர்களே, கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கிற தோரணை தான் இடிக்கிறது.

முதலில், பாறையில் ஏறி நின்று பிடுங்குவது என்பது பற்றி. ஒரு காலத்தில் சுரண்டி வைத்துச் சுரண்டினார்கள், மறுக்கவில்லை. சுரண்டினால் வேர் போகும், அடுத்த முறை அந்த இடம் மொட்டையாக இருக்கும். அதை முதலில் பார்த்தவர்கள் எங்கள் பெண்கள்தான், ஏனென்றால் அடுத்த முறை வெறுங்கையோடு எழுந்தவர்கள் அவர்கள். அதனால் கூடிப் பேசித் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்பு கூடாது, கையால் மட்டும். அடியை விட்டுவிட வேண்டும். மாதம் 12 நாளுக்கு மேல் இறங்கக் கூடாது. ஏப்ரல் நடுவில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும்போது பாசிக்கும் ஓய்வு. இந்த ஓய்வுக்கு உத்தரவு எந்த அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது, ஓய்வு நாளில் இறங்கிய ஒரு அத்தையின் பையைக் கரையில் கவிழ்த்துக் கொட்டினார்கள். கொட்டியவர் அவருடைய சொந்தத் தங்கை.

இரண்டாவது, பூங்கா. 1986-இல் கோடு போட்டார்கள். கெடுபிடி கூடியது 2000-க்குப் பிறகு. கோடு போட்டபோது கடலுக்குள் நின்றுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. காலையில் போன அம்மா மாலை வரை திரும்பாத ஒரு நாள் எனக்கு நினைவிருக்கிறது. காவலுக்கு வந்தவர்கள் வத்தையை இழுத்துப் போய்விட்டார்கள். நான்கு பெண்களும் ஈரத்துணியோடு நடந்தே வந்தார்கள். பையில் இருந்த பாசியும் போயிற்று, வத்தை வாடகையும் போயிற்று. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். கடல் கொடுக்காவிட்டாலும் அவர் கணக்குக் கேட்பார். முன்பணம் வாங்கியவருக்கே பாசியைப் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. எங்கள் ஊரின் பெரிய சுரண்டி அதுதான்.

மூன்றாவது, பவளம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் போய்ப் பாருங்கள்; பவளக்கல். இந்தக் கடலிலிருந்து பவளத்தை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். 21 தீவுகள் என்று சொல்கிறார்களே, அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்கு அடியில். அதைப் பாசி எடுத்தவர்கள் மூழ்கடிக்கவில்லை.

எங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற விருது. பாசி எடுக்கிற பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவன்

பசுமைவிழியின் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். மரிக்கொழுந்துப் பாசி மெதுவாக வளர்வது. அதிகம் எடுத்தால் குறையும், குறைந்துமிருக்கிறது. ஆனால் 12 நாள் என்பதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும்; அப்போது கழுத்தளவு இருந்த இடம் இடுப்பளவாகும். மற்ற நாட்களில் இறங்கினால் உழைப்பு அதிகம், கிடைப்பது குறைவு. அந்தப் பெண்கள் இயற்கை விட்டுக்கொடுத்த நாட்களையே சட்டமாக்கிக்கொண்டார்கள். மீறுவதில் லாபம் இல்லாத சட்டம் நிற்கும். அரசாங்கச் சட்டம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பாறைக்கு வந்த ஆபத்துகளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வளர்ப்புக்காகக் கொண்டுவந்தோம். நாம்தான், ஆராய்ச்சிக்காரர்கள். அது குருசடைப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008-இல் பதிவாயிற்று. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது வேறு.

தோணித்துறை

அதைத்தான் நாங்கள் பெப்சிப் பாசி என்கிறோம். 2000-க்குப் பிறகு அந்தக் கம்பெனி வந்து பரப்பியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பெனி போய்விட்டது, பெயர் போகவில்லை.

என் வீட்டில் வடகடல் பக்கம் மிதவை போட்டிருந்தோம். மூங்கிலைப் பன்னிரண்டடிச் சதுரமாகக் கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியைக் கோத்து, நங்கூரம் போட்டு விட்டால் 45 நாளில் அறுக்கலாம். முங்க வேண்டாம், விரல் கிழியாது. பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. இதைக் குறை சொல்பவர்கள் ஒரு நாள் பாரில் இறங்கிப் பார்க்கட்டும். ஆனால் பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. ஓரா மீன் கூட்டமாக வந்தால் ஒரே இரவில் மேய்ந்துவிடும். வெயில் மிஞ்சினால் பாசி வெளுத்து, வெந்த கீரை போலக் குழைந்து உதிரும். எங்கள் மிதவைகள் அப்படித்தான் போயின. கடன் மட்டும் உதிரவில்லை.

இப்போது வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும். நல்ல விதை கொடுத்தால் போதும், மிச்சத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று: தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, அது எங்களுக்குப் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பினால் ஆண்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல் தொட்டித் தண்ணீர் போலக் கிடக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் தலைகீழ். சின்னப்பாலம் ஆண்கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர்.

மல்லிகைப் பதியன்

தலைப்பைவிட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்துக்காரன். தீவு என்றதும் மீனும் கோயிலும்தானா? மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேசுகிறதே, அதன் நாற்று எங்கள் மணலில் வேர்விட்டது. தண்டை நறுக்கி மணல் பாத்தியில் நட்டு, கிணற்றிலிருந்து குடத்தால் தண்ணீர் விட்டு வளர்த்து, கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றுகிறோம். வைகைக்கரையான் வீட்டுத் தோட்டத்தில் மல்லிகை இருந்தால் அது எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருக்க நிறைய வாய்ப்பு. பாசி மதுரைக்கு, பூ மதுரைக்கு, மீனும் மதுரைக்கு. மதுரையிலிருந்து எங்களுக்கு வருவது சுற்றுலா பஸ்.

வைகைக்கரையான்

ஒப்புக்கொள்கிறேன்! வீட்டில் இரண்டு செடி இருக்கிறது.

கடல் சூழ்ந்த மணலில் மல்லிகைக்கு ஏது நல்ல தண்ணீர்? பாசிக்காரி மகள் அக்கா குடத்துக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே.

ஓய்வு பெற்றவன்

மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு. கணக்குப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அதனால் ஆழம் போகாமல் மேலாகத் தோண்டி, மெதுவாக மொள்ள வேண்டும். மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு பல காலத்துக்குத் தேறாது. தங்கச்சிமடத்தில் தீவு அகலம், மணல் மேடு உயரம், அதனால் தோட்டம். கரையோரத்தில் இந்த நன்னீர்ப் படலம் மெலிந்துவிடும்.

பாசிக்காரி மகள்

அந்த மெலிந்த ஓரத்தில்தான் எங்கள் வீடு. ஊற்று தோண்டுவோம், இடுப்பளவு பள்ளம். விடியும் முன்னே போனால் தெளிந்திருக்கும். கொட்டாங்கச்சியால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும்; அவசரப்பட்டால் கலங்கும், இன்னும் அவசரப்பட்டால் கரிக்கும். நான்கு பேர் மொண்ட பிறகு ஐந்தாவது ஆள் உட்கார்ந்து ஊறும் வரை காத்திருக்க வேண்டும். நான் கணக்குப் பாடம் படித்ததே அந்தப் பள்ளத்து ஓரத்தில். பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் மாவட்டத்துக்கு வந்தது. எங்கள் குழாயில் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் வண்டித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவோம். அம்மா கடலில் ஆறு மணி நேரம் நின்று சம்பாதித்ததில் ஒரு பங்கு, கடலைக் கழுவுவதற்கே போகும்.

உப்புக்காற்று

விவேகானந்தர் வந்து இறங்கியது அந்தப் பக்கம்தானே?

தோணித்துறை

ஆம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றார். குந்துக்காலில் நினைவு இல்லம் இருக்கிறது. அதற்குப் போகிற கார்கள் எல்லாம் சின்னப்பாலம் வழியாகத்தான் போகின்றன. நின்று நான் பார்த்ததில்லை.

வைகைக்கரையான்

நான் நிறுத்துகிறேன். வருகிற வாரம் போகலாம் என்றிருக்கிறேன். எப்போது போனால் பார்க்கலாம்? படம் எடுக்கலாமா?

பாசிக்காரி மகள்

நாள்காட்டியைப் பாருங்கள், அமாவாசைக்கு முன்பின் மூன்று நாள். காலையில் நீர் வற்றும் நேரம். காற்றடித்தால் யாரும் இறங்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

படம் மட்டும் வேண்டாம் தம்பி. ஈரத்துணியோடு கரையேறுகிற நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு முறை தலைக்கு மேலே கருவியைப் பறக்கவிட்டார்கள். பெண்கள் அது போகும் வரை கழுத்தளவு நீரிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். பேச வேண்டுமென்றால் மாலையில் போங்கள், பாசி உலர்த்துகிற நேரம். கை வேலையாக இருக்கும். வாய் சும்மாதான் இருக்கும்.

பசுமைவிழி

பாசிக்காரி மகள், பை கவிழ்த்த கதையை இரண்டு முறை படித்தேன். என் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பதில் நான் நினைத்தவர்களிடம் இல்லை என்று புரிகிறது. அந்த 12 நாள் கட்டுப்பாட்டை வெளியூர் ஆட்கள் வந்து மீறினால் என்ன செய்வீர்கள்?

பாசிக்காரி மகள்

அதுதான் இப்போதைய சண்டையே. எங்கள் பெண்கள் எங்கள் பெண்களைத்தான் தடுக்க முடியும். கரை எங்களுடையது என்று எழுதிக் கொடுத்த காகிதம் எதுவும் இல்லையே.

வைகைக்கரையான்

போய்விட்டு வந்தேன். அமாவாசைக்கு மறுநாள். கச்சான் காற்று, கடலில் ஓர் ஆள் இல்லை. குந்துக்கால் சாலையில் இறங்கி நடந்தேன். படம் எடுக்கவில்லை, கைப்பேசியைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவே இல்லை.

மாலையில் ஒரு வீட்டு வாசலில் மூன்று பேர் உலர்ந்த பாசியைக் கோணியில் திணித்துக்கொண்டிருந்தார்கள். மதுரை என்றதும் "ஆலைக்காரரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்படியானால் விலையைப் பற்றி உங்களிடம் பேசிப் பயனில்லை" என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு தேநீர் வந்தது. லேசாகக் கரித்தது, குடித்துவிட்டேன். முங்கியிருப்பது எவ்வளவு நேரம் என்று நான் எண்ணியதைச் சொன்னேன். வயதான அம்மா ஒருவர், "எண்ணுவதை நாங்கள் நிறுத்தி நாளாயிற்று" என்றார்.

கிளம்பும்போது கைப்பிடி பாசியைத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். கறுப்பாக, தட்டையான சின்ன இலைகள், நடுநடுவே மிளகு போலக் குமிழிகள். மேசை மேல் வைத்திருக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பாசிக்காரி மகள்

குமிழி இருந்தால் அது கட்டக்கோரை, தம்பி. மரிக்கொழுந்தைச் சும்மா கொடுப்பார்களா?